ராத்தாவின் கழுத்துக்குப் புன்னை எண்ணெய்

என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மேல் கொதிக்கும் சாயம் கொட்டியபோது காலை ஒன்பது மணி இருக்கும். கிழக்கிலங்கையில், மருதமுனையில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் ஓலைக் கொட்டில் ஒன்று இருந்தது. வாப்பா அதற்குள்தான் நூலுக்குச் சாயம் போடுவார். மூன்று கல் வைத்த அடுப்பு, அதன் மேல் பெரிய செம்புக் கிடாரம். முதல் நாள் பெய்த மழையில் மணல் இளகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ராத்தா நீளத் தடியால் நூற்கழியைத் தூக்கித் திருப்பும்போது ஒரு கல் சரிந்தது. கிடாரம் அவள் பக்கமாகச் சாய்ந்தது.

அன்றைக்குப் போட்டது சிவப்புச் சாயம். நாங்கள் ஓடிப்போனபோது எது இரத்தம், எது சாயம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பை நனைத்து அவளைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தோல் கழன்று துணியோடு வந்தது. அப்போதுதான் வாப்பா கத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

இடது கன்னத்தின் கீழ்ப்பாதி, கழுத்து, தோள், மேற்கை. கண் தப்பியது. இரண்டு மாதத்துக்குக் கிட்ட ஆசுபத்திரியில் கிடந்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. எனக்குப் பதினாலு. இதெல்லாம் ஐம்பதுகளின் நடுவில் நடந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் ஆறிய தோல் சுருங்கி, கயிறு கயிறாகத் திரண்டு, முகவாய் நாடியைத் தோளை நோக்கி இழுத்துப் பிடித்திருந்தது. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. முழு உடம்போடு திரும்புவாள். கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாது. தழும்பு இரவும் பகலும் அரிக்கும். சொறியாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை எங்கள் மாமியின் மகன், வாப்பாவின் மூத்த சகோதரியின் ஒரே பிள்ளை. சாய்ந்தமருதில் வீடு. மச்சான் சாரமும் சேலையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் விற்று வருவார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். வாப்பா அதே வளவில் ராத்தாவுக்கென்று கல் வீடு ஒன்றைக் கட்டி, ஓடும் போட்டு முடித்திருந்தார். கதவுக்கு நிற மை பூசுவதுதான் பாக்கி.

ராத்தா வீடு வந்து நாலைந்து நாள் கழித்து மாமி வந்தார். ஆசுபத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கிறார். அப்போது கட்டுப் போட்டிருந்தது. இப்போது முக்காட்டை விலக்கிப் பார்த்தார். பிறகு தன் பன்புல் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து உம்மாவிடம் கொடுத்தார்.

"புன்னை எண்ணெ. என்ட முழங்காலுக்குப் பூசுறதுக்கு வெச்சிருந்தன். சுட்ட தழும்புக்கு இதப் போல ஒண்டுமில்ல எண்டு மருந்து குடுக்கிற பரிசாரியார் சொல்றார். விடாமப் பூசுங்க."

"ஓம் மதினி," என்றார் உம்மா.

"நோன்புப் பெருநாள் கழிய நான் வந்து பாக்கிறன். மறுகா கலியாண நாளக் கதைப்பம்."

மாமி அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பெருநாள் வரைக்கும்தான் தவணை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ராத்தாவுக்கும் விளங்கியது.

போத்தலைத் திறந்ததும் குசினி முழுக்க ஒரு கசந்த வாடை பரவியது. கருகிய கறிவேப்பிலையும் பழைய கொட்டைப் பருப்பும் கலந்தது போல இருந்தது. எண்ணெய் கரும்பச்சை நிறம். சாய்த்தால் தேன் போல மெதுவாக இறங்கும். உம்மா அதை நேரே ராத்தாவின் மேல் பூசத் துணியவில்லை. என் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தார். அடுத்த நாள் அந்த இடம் சிவந்து கடித்தது. அதற்குப் பிறகு ஒரு பங்கு புன்னை எண்ணெய்க்கு இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்துச் சூடுகாட்டி வைத்தோம். அந்தக் கலவை கடிக்கவில்லை. தோலுக்குள்ளும் நன்றாக இறங்கியது.

மாமி தந்த போத்தல் ஒன்றரை மாதத்துக்கு வந்தது. அதற்குள் நாங்களே எண்ணெய் எடுக்கப் பழக வேண்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் நின்ற புன்னை மரங்களின் கீழே நானும் உம்மாவும் காய் பொறுக்கினோம். ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு வெள்ளையாக இருக்கும். பச்சைப் பருப்பில் எண்ணெய் ஒரு துளியும் வராது. பாயில் பரப்பி ஒரு மாதம் வெயிலில் போட வேண்டும். மெல்ல மெல்லப் பழுப்பாகி, சுருங்கி, கையில் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும்போதுதான் எண்ணெய் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். கோழியும் ஆடும் வாய் வைக்காமல் காவல் இருக்க வேண்டும், தின்றால் நஞ்சு.

வீரமுனைப் பக்கத்தில் செக்கு வைத்திருந்த ஒருவரிடம் வாப்பா கொண்டு போனார். அவர் மணந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டா மறுகா எள்ளு ஆட்ட ஏலாதே, வாடை போகாது," என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உம்மா உரலில் இடித்து, வேகவைத்து, சாக்குத் துணியில் கட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்தார், மேலே நாங்கள் ஏறி நின்று பிழிந்தோம். ஒரு பாய் நிறையப் பருப்புக்கு முக்கால் போத்தல் எண்ணெய் வந்தது.

பூசுவது என் வேலை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. உள்ளங்கையில் ஊற்றிச் சூடேறத் தேய்த்து, கழுத்தின் அடியிலிருந்து கன்னத்தை நோக்கி விரலால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். முதல் சில நாள் ராத்தா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். தலையணை, முக்காடு, என் பாவாடை எல்லாம் பச்சைக் கறையாயின. பள்ளியில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை, "உன்னில என்ன நாத்தம்?" என்று கேட்டு உட்காரும் வாங்கை மாற்றிக்கொண்டாள். அடுத்த மாதத்தோடு உம்மா என்னைப் பள்ளியால் நிறுத்திவிட்டார். எண்ணெயும் அதற்கு ஒரு காரணம். நான் பெரியபிள்ளை ஆனது மற்றக் காரணம்.

வீட்டில் ஒரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. ராத்தா ஆசுபத்திரியில் இருந்தபோதே உம்மா அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டகத்துக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். ராத்தா அதைக் கேட்கவே இல்லை. எங்கள் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் ஆழத்தில்தான் கிடந்தது. பார்க்க நினைத்திருந்தால் அதில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"எப்பிடி இரிக்கி? குறைஞ்சிருக்கா?"

மூன்றாவது கிழமை நான் "ஓம், குறையுது," என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை. அரிப்பு நின்றிருந்தது. கயிறாகத் திரண்டிருந்த தோல் விரலுக்கு இளகிக் கொடுத்தது. இரண்டாம் மாதம் அவளால் கழுத்தைப் பாதி திருப்ப முடிந்தது. மூன்றாம் மாதம் கையைத் தூக்கித் தலை சீவினாள். பிறகு ஒரு நாள் வாப்பாவின் நெசவுத் தறியில் போய் உட்கார்ந்து பலகையை இழுத்து அடிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்டு வாப்பா வெளியே வந்து நின்று அழுதார். தோலை இளக வைப்பது, ஈரம் பிடித்து வைப்பது, இழுப்பை எடுப்பது எல்லாவற்றையும் அந்த எண்ணெய் செய்தது. அதனால் செய்ய முடிந்தது அவ்வளவும்தான்.

நிறம் மாறவில்லை. கன்னத்தில் கருஞ்சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக அப்படியே இருந்தன. எண்ணெய் ஏறியதில் தழும்பு இன்னும் மினுங்கியது. வாயின் ஓரம் கீழே இழுபட்டிருந்தது. கழுத்து மேடுகள் மெத்தென்றாகியிருந்தன, தாழவில்லை. இதை அவளுக்கு நேரே உட்கார்ந்து தினமும் இரண்டு தடவை பார்த்தவள் நான்.

ஒரு நாள் குசினியில் உம்மாவிடம் சொன்னேன். "உம்மா, கன்னம் மாறல்ல. இனி மாறும் மாதிரியும் இல்ல."

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதப் போய் அவக்கிட்டச் சொல்லிப் போடாத. குறையுது எண்டே சொல்லு. புள்ள இப்பதான் ஒழுங்காச் சாப்பிடுறா."

அப்படியே சொன்னேன். கேட்கும்போதெல்லாம் சொன்னேன். கேட்காதபோதும் சொல்லத் தொடங்கினேன். சும்மா "குறையுது" என்பது போய், "அந்தக் கறுத்த இடம் இப்பத் தெரியுதே இல்ல," "தூரத்தில நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது," "பெருநாளைக்குள்ள முழுக்கப் போயிடும்" என்று ஒவ்வொரு நாளும் புதிதாக எதையாவது கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அவள் முகம் மலரும். மலரும்போது வாயின் ஓரம் இன்னும் கோணும். நான் பார்வையை எண்ணெய்க் கிண்ணத்துக்கு இறக்கிவிடுவேன்.

நோன்பு வந்தது. ராத்தா உற்சாகமாக நோன்பு பிடித்தாள். புதிய வீட்டின் கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்று வாப்பாவிடம் கதைத்தாள். எந்தச் சன்னலோரம் தையல் மெசின் வைப்பது என்று எனக்குக் காட்டினாள். அவள் சிரித்துக் கதைத்த கடைசிக் காலம் அது.

பெருநாள் கழிந்த நாலாம் நாள் மாமி மாட்டு வண்டியில் வந்தார். கூட இரண்டு பெண்கள், மச்சானின் வாப்பா வழிச் சொந்தம். உம்மா ராத்தாவின் முக்காட்டைக் கன்னம் வரை இழுத்துவிடப் போனார். ராத்தா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடத் தேவல்ல உம்மா. பாக்கத்தானே வந்திருக்காங்க."

தட்டில் பெருநாள் பலகாரத்தை வைத்துக்கொண்டு அவளே நடந்து முன்னுக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன். கதவு வெளிச்சம் நேரே அவள் முகத்தில் விழுந்தது. வந்த பெண்களில் ஒருவர், "யா அல்லாஹ்!" என்று வாயைப் பொத்தினார். மற்றவர் குனிந்து பாயைப் பார்த்தார்.

மாமி எழும்பி வந்து ராத்தாவின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலால் கன்னத்தைத் தடவினார். "தோல் பட்டு மாதிரி மெதுவாத்தான் வந்திரிக்கி," என்றார். பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். துடைத்ததில் அருவருப்பு ஒன்றுமில்லை. எண்ணெய் ஒட்டியிருந்தது, துடைத்தார், அவ்வளவுதான். ஆனால் ராத்தா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டோம். சீலைத் திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"தம்பி, ஒளிச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது," என்றார் மாமி. "என்ட மகனுக்கு நாலு ஊருக்குப் போற தொழில். நாலு பேர் வீட்டுக்கு வருவாங்க. எனக்கு மனம் ஒப்பல்ல. ஆனா உன்ட வீட்ட விட்டுப் போகவும் எனக்கு விருப்பமில்ல. சின்னவளத் தா."

உம்மா விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

ராத்தா பெட்டகத்தைத் திறந்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஆறு மாதமும் தெரிந்திருக்கிறது. எடுத்துச் சன்னலருகே போய் நின்று பார்த்தாள். நெடு நேரம் பார்த்தாள். வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள். கழுத்து எந்தத் தடையும் இல்லாமல் திரும்பியது.

"எத்தின நாளாப் பொய் சொன்னாய்?"

"உம்மாதான் சொல்லச் சொன்னா," என்றேன்.

அது உண்மை. ஆனால் அந்த இடத்தில் உம்மாவைக் காட்டிக்கொடுத்து நான் தப்பப் பார்த்தேன் என்பதும் உண்மை. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்கினாள்.

அடுத்த நாள் வாப்பா ராத்தாவைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. "நீ என்ன சொல்றாய் மகள்?"

"குடுங்க வாப்பா," என்றாள் ராத்தா. "கட்டின வீடு சும்மா கிடக்கக் கூடாது."

நான் உம்மாவிடம் போய், "எனக்கு ஏலா," என்று அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் மச்சானை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அழுதுகொண்டிருந்த அதே நேரம் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உம்மா என் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருப்பார் என்று பயந்து, இன்னும் பலமாக அழுதேன்.

மூன்றாம் மாதம் கலியாணப் பதிவான காவின் எழுதினார்கள். எனக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. ராத்தாவின் வீட்டுக்கு நான் குடி போனேன். கதவுக்கு அவள் சொன்ன பச்சை மைதான் பூசியிருந்தது.

அவள் எண்ணெய் பூசுவதை மாமி வந்து போன அன்றே நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த எண்ணெயை வாப்பா தறியின் கட்டைகளுக்குப் பூசினார். நாலைந்து மாதத்துக்குள் அவள் தோல் பழையபடி காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. கழுத்து மறுபடி இறுகியது. ஒரே வளவு, முப்பது அடி தூரம். கிணற்றடியில் அவள் முழு உடம்போடு திரும்புவதை நான் சன்னலால் பார்ப்பேன். ஒரு நாள் புதிதாக எண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன்.

"ராத்தா, தழும்பு போறதுக்கில்ல. கழுத்து இளகட்டும் எண்டுதான். கொஞ்சம் பூசி விடட்டா?"

"உன்ட கை எனக்கு வேணாம்," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. உம்மாவோடும் தேவைக்குத்தான் கதைத்தாள்.

மச்சான் நல்ல மனிதர்தான். கோபம் வராது. ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார்: "உன்ட ராத்தாவ நான் ஒருக்காப் பாத்திருக்கணும். பாத்துப் போட்டு நானே சொல்லியிருக்கணும். உம்மாவ அனுப்பிப் போட்டு நான் கடைத்தெருவில நிண்டன்." நான் கறி போட்டேன். அவர் மீதியைத் தின்றுவிட்டுக் கை கழுவினார்.

இறக்காமத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்சாதியை மௌத்துக்குப் பறிகொடுத்து ஒரு வருடமான வயல்காரர். இரண்டு பெண் பிள்ளைகள். வயது நாற்பதுக்கு மேல். பெண்ணை நேரே பார்க்க வேண்டும் என்று அவரே வந்தார். ராத்தா முக்காட்டைத் தானே விலக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். "நோகுதா?" என்று கேட்டார். "குளிருக்கு நோகும்," என்றாள் அவள். "சரி," என்று வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

அவளுக்குக் கொடுக்க வீடு இல்லை. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன முதல் பெண் அவள்தான். வண்டியில் ஏறும்போது ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது. ஊர்ச் சனம் வேலியோரம் நின்று பார்த்தது. நான் பச்சைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

ஒரு வருடம் கழித்து மச்சான் அந்தப் பக்கம் துணி கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை. குளத்தங்கட்டைத் தாண்டி, வயலின் ஓரத்தில் மண் வீடு. யானை வந்து பாதி வயலை மிதித்துவிட்டுப் போயிருந்தது. ராத்தாவும் பெரிய பெண் பிள்ளையும் சாய்ந்த கதிரை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள், பாலேறாத கதிர், மாட்டுக்குத்தான் ஆகும். என்னைக் கண்டதும் வரம்பில் ஏறி வந்தாள். மெலிந்து, வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். கறுப்பில் கன்னத்து வெள்ளைத் திட்டுக்கள் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தன.

சோறு போட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்தது. விட்டுக்கொடுத்தாள்.

"என்னில இன்னும் கோவமா?" என்று கேட்டேன். கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

குழந்தையின் விரலைக் கன்னத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"மச்சான நீ எடுத்ததுக்குக் கோவமில்ல. அது மாமிட வேலை. வீடு போனதுக்கும் இல்ல." பிறகு என்னைப் பார்க்க முழு உடம்போடு திரும்பினாள். "நீ பொய் சொன்ன ஆறு மாசந்தான் நான் நல்லா இருந்த ஆறு மாசம். சாயம் கொட்டுறதுக்கு முந்திக்கூட அப்பிடி இருந்ததில்ல. அதால உன்ன மன்னிக்கவும் ஏலாமக் கிடக்கு, வெறுக்கவும் ஏலாமக் கிடக்கு. என்ன செய்யச் சொல்றாய்?"

வெளியே மச்சான் வண்டிக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். வெயில் தாழ முந்திக் கிளம்ப வேண்டும், யானை இறங்கும் வழி என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். ராத்தா குழந்தையை என் கையில் தந்தாள். அதன் வாயைத் தன் முக்காட்டால் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மருதமுனைக்கு இரண்டு தடவைதான் வந்தாள். வாப்பாவின் மௌத்துக்கு ஒரு தடவை, உம்மாவின் மௌத்துக்கு ஒரு தடவை. உம்மாவின் மையத்தை, உயிர் போன உடம்பை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் குளிப்பாட்டினோம். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் தேய்த்தேன். முடிந்ததும் கை கழுவிக்கொண்டு, என் வீட்டு வாசல்படி ஏறாமல், பகல் வண்டியிலேயே இறக்காமத்துக்குப் போய்விட்டாள்.